தலைமைப் பாங்கும் மஷூராவும்

நிறுவனம் ஒன்றை நடத்துவோர், அது கல்லூரியாயினும் மதரஸாவாயினும் வணிக நிலையமாயினும் ஊர் ஜமாஅத்தாயினும், இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். 'நான் எத்தகைய தலைவனாக விளங்கப் போகிறேன்?' என்பது ஒன்று. 'என்னுடன் பணிபுரிவோரை முடிவெடுப்பதில் எவ்வளவு தூரம் சேர்த்துக்கொள்வேன்?' என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு வினாக்களாகத் தோன்றினும் இரண்டாவதற்குக் கூறும் விடையிலேயே முதலாவதன் விடை அடங்கிவிடுகிறது. தலைவரின் குரல் மென்மையானதா, கடுமையானதா என்பது அவருடைய இயல்பைக் காட்டும்; முடிவு எவ்விடத்தில் பிறக்கிறது என்பதே அவருடைய தலைமைப் பாங்கைக் காட்டும்.

கலந்தாய்வைப் புகழாதார் இல்லை. மேடையில் ஏறியவர் அனைவரும் அதனைப் புகழ்கின்றனர். கலந்தாய்ந்து எடுத்த முடிவு தோல்வியில் முடிந்தால் என் செய்வது என்னும் வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அந்த வினாவை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது.

மூவகைத் தலைமை

தலைமையை ஆய்வுக்கூடத்துப் பொருளாக்கியவர்களுள் முன்னோடி கர்ட் லெவின். இவரும் இவர்தம் உடன் ஆய்வாளர்களாகிய லிப்பிட், ஒயிட் ஆகியோரும் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளில் ஈடுபடுத்தி ஆராய்ந்தனர். ஆய்வு முடிவுகள் 1939ஆம் ஆண்டு வெளிவந்தன. அனைத்தையும் தாமே ஆணையிடும் தலைவர், கலந்து பேசி முடிவு செய்யும் தலைவர், எதிலும் தலையிடாது விட்டுவிடும் தலைவர் என மூவகையினர் அக்குழுக்களுக்கு மாறி மாறி அமர்த்தப்பட்டனர். ஆணையிடும் தலைவர் அறையில் இருந்தவரை வேலை விரைவாக நடந்தது. அவர் வெளியேறியதும் தளர்ந்தது. கலந்து பேசும் தலைவரின் குழுவில் அவர் வெளியே சென்ற பின்னரும் வேலை தொடர்ந்தது. தலையிடாத் தலைவரின் குழுவில் வேலை குறைவாகவே நடந்தது. கண்டும் காணாமலும் இருப்பதை 'சுதந்திரம் தருதல்' எனப் பெயரிட்டுக்கொள்ளும் துறைத் தலைவர்கள் இம்மூன்றாவது குழுவின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இம்மூவகைப் பிரிவு மாணவர்க்குத் தேர்வில் எழுத எளிதானது. நடைமுறைக்கு அது போதாது. ஒருவரே காலையில் ஆணையிடவும் மாலையில் கலந்து பேசவும் நேர்கிறது. இதனை உணர்ந்து டானன்பாம், ஷ்மிட் என்னும் இருவர் 1958ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் தலைமையை ஒரு நீண்ட கோடாகக் கண்டனர். கோட்டின் ஒரு முனையில் தலைவர் தாமே முடிவெடுத்து அறிவிக்கிறார். மறுமுனையில் எல்லையை மட்டும் வகுத்துவிட்டு முடிவைக் குழுவினரிடமே ஒப்படைக்கிறார். இடையில் பல படிகள் உள்ளன. எப்படியில் நிற்பது என்பதைத் தலைவரின் இயல்பு, பணிபுரிவோரின் தகுதி, சூழ்நிலையின் தன்மை ஆகிய மூன்றும் தீர்மானிக்கும் என்பது அவர்கள் முடிபு. தாம் எப்படியில் நிற்கிறோம் என்பதைத் தலைவர் தம் குழுவினரிடம் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்றும் அவர்கள் வற்புறுத்தினர். அவர்கள் கூறியவற்றுள் நாம் பெரிதும் மதிப்பது இதனையே.

வஹியா? கருத்தா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இக்கோட்டின் பல படிகளையும் நாம் காண்கிறோம். பத்ருப் போர் நடந்தது ஹிஜ்ரி 2, கி.பி. 624ஆம் ஆண்டு. போரை எதிர்கொள்வது பற்றி நாயகம் (ஸல்) தம் தோழர்களிடம் கருத்துக் கேட்டார்கள். முஹாஜிர்கள் எழுந்து துணை நிற்பதாக உறுதி கூறினர். அதன் பின்னரும் கேட்டார்கள். அன்சாரிகளின் விடையை அவர்கள் எதிர்பார்த்தது ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு அப்போதுதான் புலனாயிற்று. மதீனாவுக்குள் நாயகத்தைக் காப்பதாகவே அன்சாரிகள் அகபாவில் வாக்களித்திருந்தனர். மதீனாவுக்கு வெளியே நடக்கும் போர் அந்த வாக்கில் அடங்கியதா என்பது ஐயத்திற்குரியது. தலைவர் நினைத்திருந்தால் முஹாஜிர்களின் விடையையே அனைவர் விடையாகவும் கொண்டு புறப்பட்டிருக்கலாம். சுமையைச் சுமக்கப் போகிறவர்கள் வாய்திறந்து இசையும் வரை காத்திருந்ததே ஈண்டு நாம் கற்கும் பாடமாகும். நம் கூட்டங்களில் மூத்தவர் இருவர் பேசியதும், 'அனைவரும் ஒப்புக்கொண்டதாக' நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதப்பட்டுவிடுகிறது!

அதே பத்ருக் களத்தில் படை தங்குமிடம் குறிக்கப்பட்டபோது ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) முன்வந்து ஒரு வினாத் தொடுத்தார். இவ்விடம் நாம் மாற்றவே இயலாதபடி இறைவன் காட்டிய இடமா, அன்றிப் போர்த் தந்திரம் கருதித் தாங்கள் தேர்ந்ததா என்பது அவ்வினா. கருத்தே என விடை வந்ததும், பகைவர்க்கு அண்மையில் உள்ள கிணற்றருகே பாளையத்தை மாற்றுவதே நலம் என்றார். அவ்வாறே மாற்றப்பட்டது.

பணியாளர் ஒருவர் தலைவரிடம் கேட்கத்தக்க கேள்விகளுள் இதனினும் சிறந்ததொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இவ்விதி பல்கலைக்கழகம் விதித்ததா, அரசாணையா, அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ளதா, அன்றித் தங்கள் விருப்பமா? முதல் மூன்றாயின் பணிந்து நடப்போம். நான்காவதாயின் எம் அறிவுக்கு எட்டியதைச் சொல்ல இடம் உண்டு. வினவியவரின் பணிவும் குறையவில்லை; விடையிறுத்தவரின் மாண்பும் குறையவில்லை. தம் விருப்பத்தை விதி என்று கூறிப் பணியவைக்கும் பழக்கம் எங்கெங்கு வேரூன்றுகிறதோ அங்கெல்லாம் இக்கேள்வி கேட்பார் அற்றுப் போகின்றனர்.

ஹிஜ்ரி 5, கி.பி. 627இல் அகழ்ப்போர் நேர்ந்தது. மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டும் யோசனை பாரசீகராகிய ஸல்மான் (ரலி) அவர்களுடையது. அரபு நாட்டார் அறியாத முறை அது. அயல்நாட்டார் என்றோ, பிந்தி வந்தவர் என்றோ அது தள்ளப்படவில்லை. முற்றுகை கடுமையானபோது மதீனாவின் பேரீச்ச விளைச்சலில் மூன்றிலொரு பங்கைத் தந்து கத்ஃபான் குலத்தாரைப் பிரித்தனுப்பலாமா என்று எண்ணிய நாயகம் (ஸல்), அவ்விளைச்சலுக்கு உரியவர்களின் தலைவர்களாகிய ஸஅத் இப்னு முஆத், ஸஅத் இப்னு உபாதா (ரலி) ஆகிய இருவரையும் கலந்தார்கள். இது இறைவன் கட்டளையா, எமக்காகத் தாங்கள் செய்வதா என்று அவர்களும் வினவினர். உங்களுக்காகவே என்று அறிந்ததும் மறுத்துவிட்டனர். தலைவரின் திட்டம் கைவிடப்பட்டது.

இனி, கலந்தாய்வு நிகழாத இடம் ஒன்றும் உண்டு. ஹிஜ்ரி 6, கி.பி. 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டது. அவ்வாண்டு உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும் என்னும் நிபந்தனை தோழர்களின் நெஞ்சைச் சுட்டது. உமர் (ரலி) அவர்கள் வெளிப்படையாகவே வினவினார்கள். தாம் இறைத்தூதர் என்றும், அவனுக்கு மாறு செய்வதற்கில்லை என்றும் நாயகம் (ஸல்) விடையிறுத்தார்கள். அதாவது அது வாதத்திற்கு உரிய பொருளன்று. கருத்துக் கேட்பதுபோல் நடிக்கவும் இல்லை. வினவியவரைத் தண்டிக்கவும் இல்லை. உடன்படிக்கை முடிந்தபின் பலிப் பிராணிகளை அறுத்து முடி களையுமாறு பணித்தபோது துயர மிகுதியால் எவரும் எழவில்லை. கூடாரத்துள் சென்று தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதனைக் கூறினார்கள். எவரிடமும் ஒரு சொல்லும் பேசாது சென்று தங்கள் பிராணியை அறுத்து, முடி களைபவரை அழையுங்கள் என்று அவ்வம்மையார் யோசனை கூறினார். அவ்வாறே செய்யக் கண்டதும் தோழர்கள் எழுந்தனர். செய்யப்பட வேண்டியது மாறவில்லை; மக்களை அதன்பால் நடத்திச் செல்லும் வழிக்கு மட்டும் ஒரு பெண்மணியின் அறிவுரை துணையாயிற்று.

உஹது எழுப்பும் வினா

ஹிஜ்ரி 3, கி.பி. 625. குறைஷியர் பழிவாங்கும் நோக்குடன் மதீனாவை நோக்கி வருகின்றனர். நகரினுள் இருந்தே எதிர்ப்பதா, வெளியே சென்று பொருவதா? நகரினுள் இருப்பதே தக்கது என்பது நாயகத்தின் (ஸல்) எண்ணம். பத்ரில் பங்குகொள்ளும் பேறு கிட்டாத இளைஞர் பலர் வெளியே செல்லவே துடித்தனர். அவர்கள் பக்கமே பலரும் நின்றனர். நாயகம் (ஸல்) தம் எண்ணத்தை விட்டுக்கொடுத்து இல்லத்துட் சென்று போர்க்கவசம் அணிந்து வந்தார்கள். அதற்குள், தலைவரை வற்புறுத்திவிட்டோமே என்று இளைஞர் மனம் வருந்தி, தங்கள் விருப்பப்படியே செய்யலாம் என்றனர். கவசம் அணிந்த நபி போர் முடியுமுன் அதனைக் களைவது தகாது என்று கூறிப் புறப்பட்டார்கள். கலந்தாய்வுக்கு ஒரு காலம் உண்டு. அது முடிந்தபின் உறுதிக்கு ஒரு காலம் உண்டு.

புறப்பட்டவர் ஏறத்தாழ ஆயிரவர். வழியிலேயே அப்துல்லாஹ் இப்னு உபை சுமார் முந்நூறு பேருடன் திரும்பிவிட்டான். நகரினுள் இருப்பதே அவன் கருத்தாகவும் இருந்தது. தன் சொல்லைக் கேளாமல் இளைஞர் சொல்லைக் கேட்டார் என்பது அவன் கூறிய காரணம். தன் கருத்து ஏற்கப்படாத அன்றே பணியைக் கைவிடுபவன் கலந்தாய்வில் அமரத் தகுதியற்றவன் என்பதற்கு இவனினும் வேறு சான்று வேண்டா. கருத்துச் சொல்லும் உரிமை, தன் கருத்துக்கு மாறான முடிவையும் தோள்கொடுத்துச் சுமக்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. பணிபுரிவோர் தரப்பில் நின்று இதனையும் சொல்லியாக வேண்டும்.

குன்றின்மேல் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்வீரருள் பெரும்பாலோர் வெற்றி கிட்டிவிட்டதாகக் கருதி இடம்பெயர்ந்தனர். நிலைமை தலைகீழாயிற்று. ஏறத்தாழ எழுபது பேர் ஷஹீதாயினர். ஹம்ஸா (ரலி) அவர்கள் அவர்களுள் ஒருவர். நாயகமும் (ஸல்) காயமுற்றார்கள்.

இத்தகைய நிலையில் எந்தத் தலைவரும் என்ன சொல்வார்? 'நான் அன்றே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. இனி எவரையும் கேளேன்' என்பார். அவ்வாறு கூறின் உலகம் அதனை நியாயம் என்றே ஒப்புக்கொள்ளும். ஆனால் உஹதுக்குப் பின் அருளப்பெற்ற ஆலு இம்ரான் அத்தியாயத்து 159ஆம் வசனத்தின் போக்கே வேறு. இறையருளால் தாங்கள் மென்மையாக நடந்துகொண்டீர்கள் என்றும், கடின உள்ளத்தினராய் இருந்திருப்பின் அவர்கள் தங்களை விட்டுச் சிதறியிருப்பர் என்றும் கூறி, அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பிழைபொறுக்க வேண்டவும், காரியங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்கவும், முடிவு செய்தபின் இறைவனையே சார்ந்து நிற்கவும் அது பணிக்கிறது. மன்னிப்பு முன்னும் ஆலோசனை பின்னுமாக அமைந்த வைப்புமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. சென்ற முறை பிழைபட்டவர்களை உள்ளத்தால் மன்னியாத தலைவர் அடுத்த முறை அவர்களைக் கலந்தாலோசிக்க முடியாது. கூட்டம் நடக்கும், கலந்தாய்வு நடவாது.

கலந்தாய்ந்தால் எப்போதும் சரியான முடிவு கிட்டும் என்னும் உறுதிமொழி இவ்வசனத்தில் இல்லை. வெற்றிக்கு உத்தரவாதம் என்பதற்காக அன்று. சிதறாமல் சேர்ந்து நிற்கும் சமூகம் ஒன்று உருவாவதற்காகவே ஷூரா விதிக்கப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். திருமறையின் 42ஆம் அத்தியாயத்திற்கு 'அஷ்ஷூரா' என்றே பெயர் அமைந்திருப்பதும், இறைநம்பிக்கையாளரின் பண்புகளுள் ஒன்றாகத் தொழுகைக்கும் ஈகைக்கும் இடையே அங்கு இது எண்ணப்படுவதும் இக்கருத்துக்கு அரண் செய்யும்.

அட்டையும் பெட்டியும்

இதனை வேறொரு காலத்தில், வேறொரு நாட்டில், ஒரு தையற் தொழிற்சாலையில் நடந்த ஆய்வுடன் ஒப்பிட்டுக் காண்போம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மேரியன் நகரில் ஹார்வுட் என்னும் நிறுவனம் இரவு உடைகளைத் தைத்து வந்தது. வேலைமுறையில் சிறு மாற்றம் செய்யும்போதெல்லாம் தொழிலாளர் எதிர்ப்பு எழுந்தது. காரணத்தைக் காக், பிரெஞ்சு என்னும் இருவர் ஆராய்ந்து 1948இல் வெளியிட்டனர். ஒரு குழுவினர் இஸ்திரி போட்ட உடைகளை அரை டஜன் வீதம் அட்டைமேல் அடுக்கி வந்தனர். இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவே! நிர்வாகத்தார் அவர்களை அழைத்து, போட்டி மிகுந்துவிட்டதால் இம்மாற்றம் தேவைப்படுகிறது என்று விளக்கினர். புதிய கூலி விகிதத்தை அறிவித்தனர். கேள்விகளுக்கு விடையும் கூறினர். மற்றொரு குழுவினர் தம் பிரதிநிதிகள் வழியாகப் புதிய முறையை வகுப்பதில் பங்குகொண்டனர். வேறு இரு குழுக்களில் அனைவருமே பங்குகொண்டனர்.

விளக்கம் மட்டுமே பெற்ற முதற்குழுவின் உற்பத்தி வீழ்ந்து, எழாமலே கிடந்தது. நாற்பது நாளுக்குள் நூற்றுக்குப் பதினெழுவர் வேலையை விட்டுச் சென்றனர். பிரதிநிதிகள் வழிப் பங்குகொண்டோர் விரைவில் பழைய நிலைக்கு மீண்டனர். அனைவரும் பங்குகொண்ட குழுக்கள் அதனினும் விரைவாக மீண்டு, பழைய அளவைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதலாக உற்பத்தி செய்தன. பின்னர், முதற்குழுவில் எஞ்சியோரையே வேறொரு வேலைக்கு மாற்றியபோது முழுப் பங்கேற்பு அளிக்கப்பட்டது. அதே மனிதர்கள் இம்முறை விரைந்து தேறினர். குறை ஆளிடம் இல்லை. நடத்திய முறையில் இருந்தது.

விளக்கிக் கூறுவதும் கலந்தாய்வதும் ஒன்றே என்று கருதும் நன்னோக்குள்ள தலைவர்கள் நம்மிடையே மிகுதி. நன்றாகவே விளக்கினோமே, பின்னும் ஏன் முகம் சுளிக்கின்றனர் என்று வியக்கின்றனர். ஹார்வுட்டின் முதற்குழுவுக்கும் நன்றாகவே விளக்கப்பட்டது.

எனினும் இவ்வாய்வை மந்திரக்கோலாகக் கொள்ளலாகாது. நார்வே நாட்டுக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் இதே முறையைப் பின்பற்றிச் செய்து 1960இல் வெளியிடப்பட்ட ஆய்வில் உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அங்குத் தொழிலாளரிடம் விடப்பட்ட முடிவுகள் அத்துணை முதன்மையானவை அல்ல. சிற்றுண்டிக்கு வடையா, பஜ்ஜியா என்பதை மட்டும் ஆசிரியர் மன்றத்தின் முடிவுக்கு விட்டுவிட்டுப் பாடவேளை ஒதுக்கீட்டைத் தாமே முடித்துக்கொள்ளும் இடங்களில் என்ன விளையுமோ அதுவே அங்கும் விளைந்தது எனலாம்.

தமிழ் தரும் துணை

தமிழ் பயில்வோர்க்கு இக்கருத்துகள் புதியன அல்ல. கேட்கக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் இயல்பை வள்ளுவர் இறைமாட்சியுள் வைத்தார். கண்டித்துச் சொல்வாரை இழந்த மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பதைப் பெரியாரைத் துணைக்கோடலுள் வைத்தார். தெரிந்து வினையாடலில் அவர் மேலும் ஒருபடி செல்கிறார்: தக்கவனை ஆராய்ந்து தேர்ந்தபின் அப்பணியை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்கிறார். டானன்பாமும் ஷ்மிட்டும் வரைந்த கோட்டின் மறுமுனை இதுவே.

கம்பன் காட்டும் வீடணன் அடைக்கலம் வேறொரு நுட்பத்தை உணர்த்தும். வந்தவனை ஏற்கலாமா என்று இராமன் வினவ, சுக்கிரீவன் முதலாய பலரும் வேண்டா என்கின்றனர். அனுமன் ஒருவனே ஏற்கலாம் என்கிறான். அனைவர் உரையையும் கேட்ட இராமன் அந்த ஒருவன் கருத்தையே கொள்கிறான். உஹதில் பலர் கருத்து ஏற்கப்பட்டது. இங்கு ஒருவன் கருத்து. கலந்தாய்வு என்பது கை உயர்த்தி எண்ணும் எண்ணிக்கை மட்டுமன்று என்பது இவற்றை இணைத்து நோக்குவார்க்கு விளங்கும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்து ஹிஜ்ரத்துக் காண்டத்தையும் கம்பனின் மந்திரப் படலங்களையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய நம் முதுகலை மாணவர் எவரேனும் முன்வருவாராயின் நல்லதோர் ஆய்வேடு கிட்டும்.

நம் துறைகளில்

இனி நடைமுறைக்கு வருவோம். துறைத் தலைவராகப் பொறுப்பேற்கும் ஒருவர் முதலில் செய்யத்தக்கது, தம்முன் உள்ள பொருள்களைப் பிரித்துக்கொள்வதாகும். தேர்வு நாள், வருகைப்பதிவு விதி, கட்டணம் போன்றவை மேலிருந்து வருவன. அவற்றைக் கூட்டத்தில் வைத்து, 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்பது ஏமாற்று. அவற்றை அறிவித்துவிட்டு, நிறைவேற்றும் வழியை மட்டும் கேட்கலாம். ஹுதைபிய்யாவில் நடந்தது அதுவே. பாடத்தாள்களை யார் யார் நடத்துவது, நூலகத்திற்கு எந்நூல்களை வாங்குவது, பின்தங்கிய மாணவர்க்கு எவ்வேளையில் தனிப்பயிற்சி தருவது போன்றவை ஆசிரியர்கள் சுமக்கப்போகும் சுமைகள். அவர்களே கூடி முடிவு செய்தல் வேண்டும். வளாகத்தில் திடீரென மாணவரிடையே மோதல் எழும்போது கூட்டம் கூட்ட நேரமில்லை. அப்போது ஆணையே தலைமை. பூசல் தணிந்தபின் அன்றாடக் காரியங்களிலும் அதே ஆணைக்குரலைத் தொடர்வதுதான் பெரும்பாலோர்க்கு நேரும் வழுக்கல்.

முடிவைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டுக் கையொப்பம் வாங்குவதற்கென்றே கூட்டப்படும் கூட்டங்களைப் பற்றி நாம் அதிகம் எழுத வேண்டுவதில்லை. அவற்றில் அமர்ந்தவர்களே இம்மலரைப் படிக்கப்போகின்றனர். கேளாமலே விட்டிருந்தால் எழும் வருத்தத்தைவிட, கேட்பதுபோல் கேட்டுவிட்டுப் புறக்கணிப்பதால் எழும் வருத்தம் மிகப் பெரிது என்று மட்டும் கூறி அமைவோம். மாறுபட்ட கருத்தையும் நிகழ்ச்சிக் குறிப்பில் உரைத்தவர் பெயருடன் எழுதிவைக்கும் வழக்கம் ஏற்படின் இது பெரிதும் குறையும்.

யாரைக் கேட்பது என்பதிலும் கவனம் தேவை. கி.பி. 639ஐ ஒட்டிச் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய நாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அந்நாடு நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். ஸர்ஃக் என்னும் இடத்தில் செய்தி எட்டியது. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அடுத்து அன்சாரிகளைக் கேட்டார்கள், அவர்களும் வேறுபட்டனர். பின்னர் குறைஷி முதியோரைக் கேட்டார்கள்; திரும்பிவிடுவதே நலம் என்று அனைவரும் ஒருமுகமாகக் கூறினர். திரும்ப முடிவாயிற்று. இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார்கள். மூன்று குழுவினரும் பேசி முடித்த பின்னரே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அங்கு வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு தேவைக்காக அவர் வெளியே சென்றிருந்தார். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள், அது பரவிய ஊரிலிருந்து தப்பி ஓடவும் செய்யாதீர்கள் என நாயகம் (ஸல்) மொழிந்ததைத் தாம் செவியுற்றதாக அவர் அறிவித்தார். உமர் (ரலி) இறைவனைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

உரிய செய்தியை அறிந்தவர் அவ்விடத்தில் ஒருவரே. அவரோ கூட்டத்தில் இல்லை. நம் கூட்டங்களிலும் நூலகர் அழைக்கப்படுவதில்லை. மாலைநேரக் கல்லூரி ஆசிரியர் வந்துசேருமுன் கூட்டம் முடிந்துவிடுகிறது. எந்த மாணவன் கட்டணம் கட்ட வழியின்றி மூன்று நாளாக அலுவலக வாயிலில் நின்று திரும்புகிறான் என்பதை அறிந்த அலுவலக உதவியாளர், தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.